கோபமுள்ள மாணவி ஒன்று, நல்ல நிலையில்

மனித குலம் தோன்றிய நாளிலிருந்து யாராலும் வெல்ல முடியாத கோபம் என்கிற பெரும்பகை முதன்முதலாக முழுத் தோல்வி அடைந்த இடம் செஞ்சி. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய கோட்டை இருக்கிற ஊரில், பீரங்கி இல்லாமல், ஏணி இல்லாமல், நான்கே நிமிடத்தில் அது வீழ்த்தப்பட்டது. கல்வி இயக்ககத்தின் ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது. வீழ்த்தப்பட்ட கோபம் மொத்தம் ஒன்றுதான், அது ஐந்தாம் வகுப்புக் கலைமதியுடையது, அதையே பதினெட்டு தடவை வீழ்த்தினார்கள் என்பது அறிக்கையில் இல்லை.

கலைமதியின் நைனா வீரமணி, திண்டிவனம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டும் கிரில்லும் செய்கிறவன். ஜூலையில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மூக்கில் கரியோடு ஓடினான். தலைமையாசிரியர் ராமகிருஷ்ணனின் மேசைமேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கு இருந்தது. பக்கத்தில், செய்தித்தாளில் அள்ளி வைத்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகள். மூலையில் கலைமதி சுவரைப் பார்த்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் முகம் மாறாது. காது இரண்டும் சிவந்துபோகும். அன்றைக்குக் காது மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"யோவ் வீரமணி, உம் பொண்ணு இன்னா பண்ணா தெரியுமா? பாத்ரூம்லேர்ந்து வந்தா. மக்க எடுத்தா. என் ஜன்னல்ல அடிச்சா. முப்பது வருஷ சர்வீஸ்ல நான்..." என்று ஆரம்பித்த ராமகிருஷ்ணன் பாதியில் நிறுத்தினார். மக்குக்கு அடியில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. அன்று காலைதான் வந்தது. மக்கை நகர்த்திவிட்டு அதை இன்னொரு முறை படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"தணிவோம் தலைநிமிர்வோம்" திட்டத்தின்படி, ஒவ்வொரு பள்ளியும் ஏழு நாட்களுக்குள் குறைந்தது ஒரு கோபமுள்ள குழந்தையை இனங்காண வேண்டும். பார்வையாளர் முன்னிலையில் அக்குழந்தையை நான்கு நிமிடத்துக்குள் தணித்துக் காட்ட வேண்டும். இனங்காணத் தவறும் தலைமையாசிரியர் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ராமகிருஷ்ணன் காலையிலிருந்து வகுப்பு வகுப்பாகப் போய், பிரம்பால் கதவைத் தட்டி, "இங்க யாருக்காவது கோவம் வருதா?" என்று கேட்டுப் பார்த்திருந்தார். எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று "இல்ல சார்" என்றிருந்தன. எழுத்து மூல விளக்கத்துக்கு அவர் தாளைக்கூட எடுத்து வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் மக்கு வந்தது.

"உட்காருங்க வீரமணி," என்றார். "டீ சொல்லட்டுமா?"

மகள் சேர்ந்த ஐந்து வருஷத்தில் அந்தப் பள்ளியில் வீரமணிக்கு நாற்காலி கிடைத்தது அன்றைக்குத்தான். அதன் நுனியில் உட்கார்ந்தான். "எதுக்கு சார் அடிச்சா?"

"ஸ்ஸ்." ராமகிருஷ்ணன் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "அத மட்டும் கேக்கக் கூடாது." சுற்றறிக்கையோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பதினான்காம் பக்கத்தில் விரலை வைத்தார். "'ஏன் என்ற கேள்வி குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. உணர்வை ஏற்க, காரணத்தைத் தவிர்க்க.' பாத்தீங்களா, தவிர்க்க. படிவத்துல காரணத்துக்குக் கட்டமே கெடையாது."

படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியது, அதில் ஏதோ இருக்கும் என்று வீரமணி எண்ணிக்கொண்டான். ராத்திரி சாப்பாட்டின்போது அவன் மனைவி வசந்தா, "எதுக்குடி ஜன்னல ஒடச்ச?" என்று ஆரம்பித்ததும், "கேக்காத, கேக்கக் கூடாதாம்," என்று தடுத்தும் விட்டான். கலைமதி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

வகுப்பாசிரியை மணிமொழி அந்த வாரமே கலைமதிக்குப் பயிற்சி கொடுத்தார். கோபம் வந்ததும் செய்ய வேண்டியது மூன்று படி. படி ஒன்று: இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் வைத்து, கண்ணை மூடி, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, நான்கு எண்ணி விட வேண்டும். இப்படி நான்கு முறை. முடியும்வரை கண்ணைத் திறக்கவும் பேசவும் கூடாது. படி இரண்டு: கழுத்தில் தொங்கும் சிவப்பு அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்ட வேண்டும். படி மூன்று: "நான் கோபமாக உணர்கிறேன், இதோ தணிகிறேன்" என்று கணீரென்று சொல்ல வேண்டும். பிறகு சுற்றியிருப்பவர்கள் கைதட்ட வேண்டும். கைதட்டல் படியில் சேராது, ஆனால் கட்டாயம்.

வீட்டுக்கும் பயிற்சி உண்டு. பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வந்தது. வீரமணி கேஸ் புக் பண்ண மறந்துவிட்ட நாளில் வசந்தா தோசைக் கரண்டியும் கையுமாக அவனை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தாள். கலைமதி நடுவில் வந்து நின்று, "அம்மா, படி ஒண்ணு," என்றாள்.

"போடி அந்தாண்ட."

"நோட்டுல எழுதணும்மா. செய்யலன்னா டீச்சர் வீட்டுக்கு வருவாங்க."

டீச்சர் வீட்டுக்கு வந்தால் டீ போட வேண்டும், கேஸ் தீரப்போகிறது. வசந்தா கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் கண்ணை மூடினாள். நான்கு முறை மூச்சு இழுத்து விட்டாள். கண்ணைத் திறந்தபோது தோசை கரியாகி இருந்தது. "ரெண்டு கையும் வயித்துல இருந்தா தோசைய எவன் திருப்பறது?" என்றாள். நோட்டில் அதற்கும் கட்டம் இல்லை. கலைமதி "வெற்றி" என்று எழுதினாள்.

முதல் பார்வைக்கு வந்தவர் வட்டார ஒருங்கிணைப்பாளர் எழிலரசன். அவர் பள்ளிக்குள் நுழையும்போதே கையில் டேப்லெட் இருக்கும்; கண் அதில் இருக்கும். வாசற்படி, நாற்காலி, பொன்னாடை எல்லாவற்றையும் அவர் தடவித்தான் கண்டுபிடிப்பார். அவர் வருகிற நேரத்துக்குக் கோபம் தயாராக இருக்க வேண்டுமே என்பதுதான் பள்ளியின் கவலை. ஒத்திகையில் இரண்டு நாள் கலைமதிக்குக் கோபமே வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள்தான் மணிமொழி டீச்சர் ஒன்றைக் கவனித்தார். கலைமதி கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் மட்டும் காது சிவந்திருந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது என்பதால் அவர் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இப்படி எழுதினார்:

10.55: கலைமதி, கழிப்பறை.
11.05: கோபம்.
11.09: தணிவு.

நிரல் பிசகவே இல்லை. எழிலரசன் டேப்லெட்டைப் பார்த்தபடியே, "உன் பேர் என்ன பாப்பா?" என்றார், பதிவு செய்தார், கைதட்டினார். "இவ்ளோ ஒழுங்கா, நேரத்துக்குக் கோவப்படற கொழந்தைய நான் பாத்ததில்ல," என்று பாராட்டிவிட்டுப் போனார். பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

செஞ்சியைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குள் நெடுநாளாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. எல்லாப் பள்ளிக்குமாகச் சேர்த்து உருப்படியான உலக உருண்டை ஒன்றுதான் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு ஆய்வு வருகிறதோ அந்தப் பள்ளிக்கு அது காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடும். நுண்ணோக்கியும் அப்படித்தான், எடை பார்க்கும் கருவியும் அப்படித்தான். அனந்தபுரம் போகிற வழியில் உள்ள ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் ராமகிருஷ்ணனுக்குப் போன் செய்து, "சார், வியாழக்கிழமை நமக்கு எழிலரசன் வராரு. உருண்ட அனுப்பும்போது அந்தப் பொண்ணையும் சேத்து அனுப்புங்க," என்று கேட்டபோது, அதில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை.

குழந்தையைத் தனியாக பஸ்ஸில் அனுப்பக் கூடாது என்று விதி இருப்பதால் வீரமணியைக் கூப்பிட்டார்கள். "ஊருக்கே பெருமை வீரமணி," என்றார் ராமகிருஷ்ணன். "காலைல அவளுக்குப் புடிச்சது எதுவும் வாங்கிக் குடுத்துடாதீங்க. மூடு மாறிடும்." வீரமணி தன் டிவிஎஸ்ஸில் முன்னால் உலக உருண்டையையும் பின்னால் மகளையும் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். அந்தப் பள்ளியில் ரசீது கொடுத்தார்கள். *பெற்றுக்கொண்டேன்: உலக உருண்டை 1. கோபமுள்ள மாணவி 1. இரண்டும் நல்ல நிலையில்.*

எல்லாப் பள்ளிக் கழிப்பறையும் ஒரே எஸ்டிமேட்டில் கட்டியவை. ஆகவே அங்கேயும் 10.55க்குப் போனாள், 11.05க்குக் கோபம் வந்தது. அங்கே அவள் பெயர் மஞ்சு. தளவானூர்ப் பக்கம் ஆறாம் வகுப்பு மணிமேகலை. இன்னொரு இடத்தில் இன்னொரு பெயர். எழிலரசன் எல்லா இடத்திலும் "உன் பேர் என்ன பாப்பா?" என்று கேட்டார். ஏழாவது பள்ளியிலோ எட்டாவது பள்ளியிலோ, அவள் முகத்துக்கு நேராகவே, "நல்லாத்தான் பண்ற. ஆனா செஞ்சியில கலைமதின்னு ஒரு பொண்ணு இருக்குது. கோவம்னா அது கோவம். நீ ஒருநாள் போய்ப் பாக்கணும்," என்றார்.

"சரி சார்," என்றாள் கலைமதி.

தீபாவளிக்குள் வட்டாரத்தில் பதினேழு கோபங்கள் தணிந்திருந்தன. பட்டறையில் முதலாளி, "நீ வெல்டரா, டிரைவரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். வீட்டில்தான் விசித்திரமாக இருந்தது. கலைமதி ஏதாவது கேட்டு இல்லை என்றால் அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. கண்ணை மூடுகிறாள், அட்டையைத் தூக்குகிறாள், வசனத்தைச் சொல்கிறாள், சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிற்கிறாள்.

"இவளுக்கு நெஜமாவே கோவமா, இல்ல நடிக்கறாளான்னே தெரியலையே," என்றாள் வசந்தா. "எம் பொண்ணு எனக்கே பிடிபடல. நீ காதப் பாத்தியா?"

"பாத்தேன். செவக்கல."

"அப்ப எதுக்குத்தான் செவக்குது?"

வீரமணிதான் கேட்கவே இல்லையே.

கார்த்திகையில் அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனபோது காரியம் கெட்டது. 10.55க்குக் கழிப்பறைக்குப் போன கலைமதி 11.05க்குப் புதுசாகக் குளித்தவள் மாதிரி திரும்பி வந்தாள். சிரித்தாள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அவளை இன்னொரு முறை அனுப்பினார். இன்னும் அதிகமாகச் சிரித்தாள். எழிலரசன் திரையில் "கோபம்: வரவில்லை" என்று பதிய வேண்டியதாயிற்று. அந்தத் தலைமையாசிரியர் உலக உருண்டையை மட்டும் நல்ல நிலையில் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி வீரமணி அவளுக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தான். பதினான்காம் பக்கத்தை அவன் மறக்கவில்லை. ஆனால் அதில் கோபம் ஏன் வந்தது என்றுதான் கேட்கக் கூடாது. வராததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னிக்கி ஏம்மா கோவம் வரல?"

"அந்த ஸ்கூல்ல தாப்பா இருக்குது நைனா."

"எதுக்கு தாப்பா?"

"பாத்ரூம் கதவுக்கு. உள்ளாற. அவுங்க ஸ்கூல்ல முன்ன படிச்ச ஒரு அக்கா போட்டுக் குடுத்தாங்களாம். உள்ள போனேன், போட்டுக்கினேன். யாரும் கதவப் புடிக்க வேணாம்."

"நம்ம ஸ்கூல்ல?"

"வெளிய பூட்டு இருக்குது, லீவுல பூட்டறதுக்கு. உள்ள ஒண்ணியும் இல்ல. கதவு சாஞ்சிருக்குது, வுட்டா தன்னால தெறந்துக்கும். நான் போனா எங்க கிளாஸ் வெண்மதி புடிச்சிக்குவா, அவ போனா நான். அன்னிக்கி பெல் அடிச்சிட்டாங்கன்னு வுட்டுட்டு ஓடிட்டா. கதவு தெறந்துக்கிச்சி. எதிர்ல ஆறாவது பசங்க. எல்லாம் சிரிச்சானுங்க."

"என்னிக்கி?"

"மக்கு அன்னிக்கி." அவள் பன்னைப் பிய்த்து நடுவிலிருந்த செர்ரியைத் தனியாக எடுத்து வைத்தாள். "மத்த ஸ்கூல்லயும் தாப்பா இல்ல. அங்கல்லாம் புடிக்கறதுக்கு வெண்மதியும் இல்ல. கைய நீட்டி கதவ இழுத்துப் புடிச்சிக்குவேன். எட்டாது."

வீரமணி டீ கிளாஸைக் கையிலிருந்து கீழே வைத்தான். வாரத்துக்கு முப்பது தாழ்ப்பாள் அடிக்கிற கை அது. ஊரில் பாதி வீட்டுக் கேட்டில் அவன் தாழ்ப்பாள்தான் இருக்கிறது. "இத்தினி மாசமா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

திங்கட்கிழமை காலை கழிப்பறையின் வெளிப்பூட்டைத் திறந்த நேரத்தில் வீரமணி டிரில்லிங் மெஷினோடு போய் நின்றான். தகரக் கதவில் நாலு துளை, நாலு போல்ட்டு, பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அடித்த தாழ்ப்பாள். மொத்தம் பதினைந்து நிமிடம். கதவுச் சட்டம் சாய்ந்திருந்ததைச் சரிசெய்யச் சுவரை இடிக்க வேண்டும். அது அவன் வேலை இல்லை. கலைமதி உள்ளே போனாள், போட்டாள், திறந்தாள், போட்டாள். பின்னால் வெண்மதியிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண்கள்வரை வரிசை கட்டி நின்று ஆளுக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தார்கள்.

"இனிமே யாரும் கதவப் புடிக்க வேணாம்," என்றான் வீரமணி.

"யாராச்சும் எடுத்துட்டா?"

"இரும்புடி. உங்க நைனா அடிச்சது. எவன் எடுப்பான்?"

அடுத்த வியாழக்கிழமை சென்னையிலிருந்து இயக்குநர் அம்மையாரே வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஒத்திகை. கலைமதி 10.55க்குப் போனாள், 11.05க்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"கோவமா இருக்கியாமா?" என்று கேட்டார் மணிமொழி டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"கொஞ்சம்கூடவா?"

"நாளைக்கி வேணும்னா பாக்கறேன் டீச்சர்."

மத்தியானம் வீரமணிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை அவன் நாற்காலியில் ஒரு டவல் விரித்திருந்தது. "வாங்க வீரமணி சார்," என்றார் ராமகிருஷ்ணன். பக்கத்தில் எழிலரசன், டேப்லெட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"நீங்க பண்ணது என்னன்னு உங்களுக்குப் புரியுதா?" என்றார் எழிலரசன் திரையிடம். "ஒரு உணர்வ இனங்காணணும். பேர் வெக்கணும். மேலாண்மை பண்ணணும். நீங்க நேரா போயி அதத் தீத்து வெச்சிட்டீங்க."

"தாப்பாதான சார் போட்டேன்."

"அதத்தான் சொல்றேன். எல்லா அப்பாவும் இப்படி ஆளுக்கொரு தாப்பாவத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா திட்டம் என்ன ஆவுறது? எனக்குக் கீழ நாப்பது பேர் பயிற்சி எடுத்திருக்காங்க. நாங்க மேலாண்மை பண்றதுக்கு இருக்கோம். தீத்து வெக்கிறதுக்கு இல்ல. தீந்து போன கோவத்த வெச்சிக்கிட்டு ஒரு டிபார்ட்மெண்ட் எப்படி நடத்துறது?"

வீரமணி டவல் நழுவாமல் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

ராமகிருஷ்ணன் குரலைத் தணித்தார். "வியாழக்கிழம ஒரே ஒரு நாள் கழட்டி வையுங்க. வெள்ளிக்கிழம காலைல நானே கூட நின்னு மாட்டித் தரேன். ஒரு கொழந்தையோட கோவத்துக்காக நான் கெஞ்ச வேண்டியிருக்குது, பாருங்க."

"யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் சார்."

"அனுமதி இல்லாம அரசாங்கக் கதவுல நாலு ஓட்ட போட்டிருக்கீங்க. நான் மேல எழுதணும். எழுதட்டுமா?"

அரசாங்கத் தாளில் பெயர் ஏறுவது என்றால் வீரமணிக்கு அன்றும் இன்றும் பயம்தான். எழுந்து நின்றான். "எழுதிக்குங்க சார். நான் வெச்சத நான் எடுக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வெளியே வந்தான். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இல்லாமல் அந்த போல்ட்டை யாராலும் அசைக்க முடியாது என்று சொல்லித் தேற்றிக்கொண்டான். புதுப் பெஞ்சுகளோடு பள்ளிக்கு ஒரு ஸ்பேனர் செட் வந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வீரமணியைப் பெற்றோர் சான்றுரைக்காக அழைத்திருந்தார்கள். மேலே எழுதப்போவதாகச் சொன்னவர்களே பூச்செண்டும் கொடுத்தார்கள். வசந்தா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, "யாராச்சும் படி ஒண்ணுன்னு சொன்னா அங்கயே கண்ண மூடிக்கினு நின்னுடாத," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். நாற்காலியிலிருந்து பார்த்தால் மைதானக் கோடியில் கழிப்பறை தெரிந்தது. கதவு வழக்கம்போலத் திறந்து கிடந்தது. உள்பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. நாலு ஓட்டை இருந்தது.

அவன் கலைமதியைத் தேடினான். அவள் கழுத்தில் சிவப்பு அட்டையோடு, மேடைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றிருந்தாள். காது சாதாரண நிறத்தில் இருந்தது. அவள் இன்னும் பார்க்கவில்லை.

பத்தரைக்கு வர வேண்டிய அம்மையார் பன்னிரண்டுக்கு வந்தார். மேல்மருவத்தூரில் ஒரு காபி, திண்டிவனத்தில் ஒரு இளநீர், வல்லத்தில் ஒரு வரவேற்பு, மறுபடி ஒரு இளநீர். மேடையேறி முக்கால் மணி நேரம் பேசினார்.

"இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் இன்று இந்த உயரத்தில் நிற்கிறேன். ஒரு மேசையில் கோப்பு வருகிறது. ஏன் வந்தது என்று கேட்டால் மனம் கலங்கும். மூச்சை இழுத்துக் கையெழுத்திட்டால் தெளியும். இந்தத் தெளிவைத்தான் நம் குழந்தைகளுக்குத் தருகிறோம். குழந்தைகளின் தேவையை அவர்கள் முகத்தைப் பார்த்தே நான் அறிந்துகொள்வேன்..."

இந்த இடத்தில் அம்மையார் நிறுத்தினார். அவருக்கே ஒரு தேவை ஏற்பட்டிருந்தது. உரையைச் சட்டென்று முடித்துவிட்டு மணிமொழி டீச்சரின் காதில் ஏதோ சொன்னார். ஆசிரியர் கழிப்பறையில் திட்டத்துக்காக வந்திறங்கிய முந்நூறு தணிவுப் பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. எனவே மைதானக் கோடியைக் கை காட்டினார்கள்.

அதற்குள் குழுப் படத்துக்கு ஏற்பாடு ஆயிற்று. வெயிலுக்கு அந்த மைதானத்தில் நிழல் இருப்பது கழிப்பறைக்கு முன்னாலுள்ள புங்க மரத்தடியில் மட்டும்தான். அங்கே பெஞ்சுகளைப் போட்டு, நடுவில் அம்மையாருக்கு ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, எல்லாரையும் நிறுத்தினார் ராமகிருஷ்ணன். ஸ்டுடியோ தங்கராஜ் எதிரே காமிராவோடு குனிந்திருந்தார். வீரமணி பின்வரிசையின் ஓரத்தில் நின்றான்.

மணிமொழி டீச்சர் கடமை தவறாதவர். எவ்வளவு தாமதமானாலும் நிரல் நிரல்தான். 10.55 ஆக வேண்டியது 12.50க்கு ஆயிற்று. கலைமதியைக் கழிப்பறைக்கு அனுப்பினார்.

அவள் போய் நிற்கவும், உள்ளேயிருந்து ஒரு குரல். "வெளிய யாரும்மா அது? இந்தக் கதவு நிக்க மாட்டேங்குது. கெட்டியாப் புடிச்சிக்கோ. விட்டுடாத."

கலைமதி இரண்டு கைகளாலும் கதவை அழுத்திப் பிடித்தாள். அவளுடைய இரண்டு கைக்கும் நடுவில் நாலு ஓட்டை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்வரிசையில் நின்ற நைனாவைப் பார்த்தாள். வீரமணியும் திரும்பி அவள் காதைப் பார்த்தான். மக்கு வீசிய நாளில்கூட அது அவ்வளவு சிவந்ததில்லை. எவன் எடுப்பான் என்று சொன்னது நினைவுக்கு வந்து அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எழிலரசனின் டேப்லெட்டில் கோபம் என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அவர் திரையைப் பார்த்தபடியே கழிப்பறைப் பக்கம் ஓடி வந்தார்.

"உன் பேர் என்ன பாப்பா?"

"கலைமதி சார்."

"கோவம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி சார்."

"நெஜமாவா?"

"நெஜமா சார்."

"அப்ப ஏன் நிக்கற? படி ஒண்ணு."

"சார், கதவு..."

"படி ஒண்ணுல பேசக் கூடாது. ரெண்டு கை, வயிறு, கண்ணு. ஆரம்பி. டைம் ஓடுது."

"சார், வேணாம் சார்," என்றான் வீரமணி பின்வரிசையிலிருந்து. "அசையாதீங்க, படம் எடுக்கறாங்க," என்றார் ராமகிருஷ்ணன்.

கலைமதி கதவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து வயிற்றின்மேல் வைத்தாள். கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று மூச்சை இழுத்தாள். நான்கு முறை முடியும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது என்பது விதி. அவள் திறக்கவில்லை. கதவு திறந்தது.

மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் தணிவு என்று எழிலரசன் பதிவு செய்தார். வட்டாரத்திலேயே அதுதான் மிகச் சிறந்த நேரம். தாழ்ப்பாளை உடனே மாட்டும்படி மதியம் ஒன்றே காலுக்கு வாய்மொழி உத்தரவு வந்தது. வீரமணியின் வண்டியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. ஏழு நிமிடத்தில் மாட்டினான்.

வெளிச்சம் போதுமா என்று பார்ப்பதற்காகத் தங்கராஜ் கதவு திறந்த அந்த நொடியில் ஒரு படம் எடுத்திருந்தார். அன்றைக்கு எடுத்த குழுப் படம் அது ஒன்றுதான். அதில் யாரும் விடுபடவில்லை.